அசையாத விலா

மூச்சு முட்டத் தொடங்கிவிட்டால் காளியப்பன் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து, இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றிக்கொள்வார். தோள்கள் காதுவரை ஏறும். கழுத்தின் இரு பக்கமும் நரம்புகள் கயிறு போலப் புடைக்கும். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் அவருக்குக் கோபம் வரும், ஆனால் கோபப்படக்கூட மூச்சு இருக்காது. அதனால் மனைவி தாமரை வாய் திறக்கமாட்டாள். வாயில் வைத்து இழுக்கும் மருந்துக் குப்பியை அவர் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுக் கதவோரம் நிற்பாள். இந்த முறை மூச்சு திரும்பாது, இதுதான் கடைசி என்று ஒவ்வொரு முறையும் நினைப்பாள்.

மலைமேல் கியா பார்ம் ஊரைத் தாண்டி திரிங்காப் போகும் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவர்களுடைய வீடு. தாமரைக்கு மலையில் கொழுந்து வெட்டும் வேலை. காளியப்பன் ஃபேக்டரியில், காய்ந்த தூளைச் சலிக்கும் அறையில் வேலை பார்த்தவர். வேலை முடிந்து வரும்போது அவருடைய புருவம்கூடப் பழுப்பாக இருக்கும். அது போதாதென்று சிகரெட். தூசியா புகையா என்று தாமரை ஒருமுறை டாக்டரிடம் கேட்டாள். இரண்டும்தான் என்றார் டாக்டர். நுரையீரலில் கெட்டது கெட்டதுதான், இனி சரியாகாது, இருப்பதை வைத்துக்கொண்டு எப்படி மூச்சு விடுவது என்று கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, ஆஸ்பத்திரியின் கோடியில் இருந்த ஓர் அறைக்கு அனுப்பினார்.

அந்த அறையில்தான் நூருல் ஐன் இருந்தாள். உடற்பயிற்சி சிகிச்சை கொடுப்பவள். முப்பது வயதிருக்கும். ரிங்லெட் ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிமின் மகள், அதனால் தமிழ் சரளமாக வந்தது. அவள் காளியப்பனை நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் வந்து நின்றபோது அவர் திரும்பிப் பார்த்தார்.

"நெஞ்சுல கை வைக்கப் போறீங்களா, மிஸ்?"

"ஏன்ணே?"

"யாரு கை வெச்சாலும் செத்துப்போற மாதிரி இருக்கு. சட்டை பட்டன் போட்டாலே பயமா இருக்கு."

"அப்ப நெஞ்சு வேணாம். கழுத்துலேருந்து ஆரம்பிப்போம். எப்ப நிறுத்தச் சொல்றீங்களோ அப்ப நிறுத்திருவேன்."

கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் இரண்டு கட்டை விரல்களையும் வைத்து மெல்ல மெல்ல அழுத்தி நகர்த்தினாள். "மூச்சு இழுக்கிறது நெஞ்சோட வேலை. உங்களுக்கு கழுத்து அந்த வேலைய செஞ்சிக்கிட்டு இருக்கு. பாருங்க, கல்லு மாதிரி ஆயிருச்சு" என்றாள். கொஞ்ச நேரத்தில் அவருடைய தோள்கள் தாமாகவே கீழே இறங்குவதைத் தாமரை பார்த்தாள். அவை அவ்வளவு கீழே இறங்கக்கூடியவை என்பதையே அவள் மறந்திருந்தாள். திரும்பிவரும் வழியில் காளியப்பன் வாடகைக் காடியின் முன்சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ அவர் தன் விலாவில் கை வைக்க விட்டார். அடிக்கடி மலையிறங்கி வருவது கஷ்டம் என்பதால் நூருல் ஐன் தாமரைக்கும் கற்றுக்கொடுத்தாள். தாமரையின் இரண்டு உள்ளங்கைகளையும் பிடித்து, காளியப்பனின் கீழ் விலாவின் இரு பக்கமும் வைத்தாள்.

"அமுக்கக் கூடாது அக்கா. சும்மா வெச்சிருங்க. மூச்சு வெளிய போறப்ப விலா உள்ள இறங்குது பாருங்க, கூடவே போங்க. மூச்சு உள்ள வர்றப்ப விட்ருங்க. அண்ணேதான் முதலாளி. உங்க கை அவரு பின்னாடி போவுது, அவ்வளவுதான்."

பிறகு சொன்னாள். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்குங்க. திடீர்னு ஒரு பக்கம் குத்துச்சின்னா, அதோட மூச்சும் வாங்குச்சின்னா, எதையும் செய்யாதீங்க. நேரா இங்க கொண்டாந்துருங்க."

"அப்படி ஆகுமா, மிஸ்?"

"ஆகலாம்" என்றாள் நூருல் ஐன். "இந்த மாதிரி நுரையீரல் சில எடத்துல பலூன் மாதிரி மெலிஞ்சிருக்கும். கை வெச்சாலும் வைக்காட்டியும் அது..."

தாமரையின் காதில் 'ஆகலாம்' என்ற வார்த்தை மட்டும்தான் விழுந்தது.

அன்றிலிருந்து தினமும் காலையில் கட்டிலின் பின்பக்கம் உட்கார்ந்து கழுத்தையும் தோளையும் பிடித்துவிடுவாள். பிறகு விலாவில் கை வைப்பாள். கை வைக்கும் முன்பு இரண்டு உள்ளங்கைகளையும் அடுப்பருகே காட்டிச் சூடாக்கிக்கொள்வாள். குளிருக்காகத்தான் என்று காளியப்பன் நினைத்தார். உண்மையில் அந்த நேரத்தில் அவள் கை பயத்தில் சில்லிட்டுப் போயிருக்கும்.

ஆனாலும் பலன் தெரிந்தது. சளி எளிதாக வந்தது. காளியப்பன் வாசல்வரை நடந்தார், பிறகு கோயில் வரை, பிறகு லயத்தின் கடைசி வீட்டு ரூபனோடு நின்று அரசியல் பேசும் அளவுக்கு வந்தார். தாமரையின் கைக்கு அவருடைய விலா மனப்பாடமாகிவிட்டது. வலது பக்கம் கொஞ்சம் அகலமாக விரியும். இடது பக்கம் சற்றுத் தாமதித்து வரும். பின்தங்கித்தான் வரும், ஆனால் வரும்.

பள்ளி விடுமுறை. சனிக்கிழமை. காலையெல்லாம் மழை பெய்து, மதியத்துக்கு மேல் பனிமூட்டம் லயத்துக்குள் இறங்கியிருந்தது. அரைநாள் வேலை முடிந்து வந்த தாமரை, காலையில் விட்டுப்போனதைச் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். கழுத்து ஆயிற்று. தோள் ஆயிற்று. விலாவில் கை வைத்து நாலைந்து மூச்சு போயிருக்கும், காளியப்பனுக்கு இருமல் வந்தது. அவள் கையைத் தளர்த்திக் காத்திருந்தாள். பலமான இருமல். முடிந்தது என்று நினைத்தபோது அவர், "அம்மா!" என்று இடது மார்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"என்னாங்க? புடிச்சிக்கிச்சா?"

அவர் பதில் சொல்லவில்லை. மூச்சு சின்னச் சின்னத் துண்டுகளாக வந்தது. தாமரை அவரை நிமிர்த்தி, பழக்கத்தில் இரண்டு கைகளையும் விலாவில் வைத்தாள். வலது பக்கம் விரிந்தது. இடது பக்கத்துக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

இன்னொரு மூச்சு. வலது கை நகர்ந்தது. இடது கை சுவரில் வைத்தது போல அப்படியே இருந்தது.

அடுப்பில் சுட்டதுபோல இரண்டு கைகளையும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். ரூபனின் பெயரைக் கத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

ரூபன் திரிங்காப்பில் ஒரு காய்கறித் தோட்டத்துக்கு லேண்ட் ரோவர் ஓட்டுபவன். கோஸ் மூட்டைகள் ஏற்றி இறக்கிய மண்ணோடு வண்டி வாசலில்தான் நின்றது. அவன் காளியப்பனைத் தூக்கிவந்து பின்பக்கப் பலகையில் சாய்த்து உட்காரவைத்தான். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யலாமா என்று கேட்டுவிட்டு அவனே, "இந்த லீவு டிராபிக் ஜேம்ல அது மேல வர்றதுக்குள்ள நம்ம கீழ போயிரலாம் அத்தை" என்றான். தாமரை அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

தோட்டத்து மண் பாதையில் ஒவ்வொரு குழியிலும் வண்டி குதித்தபோது காளியப்பனின் முகம் இழுத்துக்கொண்டது. தாமரை நூருல் ஐனுக்குப் போன் செய்தாள். அன்று நூருல் ஐனுக்கு லீவு. ரிங்லெட்டில் கடையில் இருந்திருப்பாள் போல, பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"மிஸ், அவருக்கு குத்துதுங்கறாரு. இடது பக்கம் அசையவே மாட்டேங்குது மிஸ்."

பாத்திரச் சத்தம் விலகியது. "உக்கார வெச்சிருக்கீங்களா? படுக்க வைக்காதீங்க. உதடு எப்படி இருக்கு?"

"கறுக்குது."

"நான் எமர்ஜென்சிக்கு இப்பவே போன் பண்ணி சொல்லிர்றேன். தயாரா இருப்பாங்க. எங்கயும் நிக்காதீங்க."

"மிஸ்..." தாமரை காளியப்பனுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள். "நாந்தான் செஞ்சிட்டனா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று தாமரை போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை.

"இப்ப அதப் பேச வேணாம் அக்கா" என்றாள் நூருல் ஐன், வெகுநேரம் கழித்து. "வந்து சேருங்க."

அதுவே பதில் என்று தாமரை எடுத்துக்கொண்டாள். ஆமாம் என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

பெரிய சாலையைத் தொட்டதும் ரூபன் ஏதோ முணுமுணுத்தான். கியா பார்ம் பக்கமாகப் பனிக்குள் சிவப்பு விளக்குகள் வரிசையாக மங்கிப்போய்க்கொண்டிருந்தன. கோலாலம்பூர் காடிகள், ஜொகூர் காடிகள், சுற்றுலா பஸ்கள். எதுவும் நகரவில்லை. ஓரத்துக் கடைகளில் ஜனங்கள் குடை பிடித்துக்கொண்டு ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை ஸ்ட்ராபெரி வடிவத் தொப்பி போட்டுக்கொண்டு, நின்ற காடியின் ஜன்னலிலிருந்து லேண்ட் ரோவரைப் பார்த்துக் கையை ஆட்டியது.

ரூபன் ஹாரனை அழுத்தினான். முன்னால் இருந்தவனும் பதிலுக்கு அழுத்தினான்.

காளியப்பனின் கண்கள் பெரிதாகியிருந்தன. நெற்றியில் வியர்வை. அவர் கை பலகையின்மேல் தடவித் தடவித் தாமரையின் கையைத் தேடிப் பிடித்தது. பிடித்து இழுத்தது. தன் விலாவை நோக்கி, தினமும் காலையில் அது இருக்கும் இடத்தை நோக்கி இழுத்தது. அவருடைய சட்டையின் ஈரம் விரலில் பட்டதும் தாமரை கையை உதறினாள்.

"வேணாங்க. வேணாம். நான் தொடமாட்டேன்."

அவர் மறுபடி கையை நீட்டினார். அவள் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு பலகையின் அந்தக் கோடிக்கு நகர்ந்தாள். அவர் கை கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. பிறகு இறங்கிவிட்டது. எல்லாவற்றையும்விடத் தாமரையை அதிகமாக நடுங்கவைத்தது அதுதான். இழுப்பதை அவர் விட்டுவிட்டார்.

"ரூபா! போ ரூபா! ஏதாவது செய்யி!"

ரூபன் கதவைத் திறந்து குதித்தான். காடிகளுக்கு நடுவே ஓடினான். "தோலோங், பாங்! ஓராங் சாகிட்! நோயாளி இருக்காருலா, வழி விடுங்க!" என்று மலாயிலும் தமிழிலும் கத்தி ஒவ்வொரு காடிக் கண்ணாடியாகத் தட்டினான். சிலர் கண்ணாடியை இறக்கவே பயந்தார்கள். ஒரு சீனக் கடைக்காரர்தான் முதலில் வந்து லேண்ட் ரோவருக்குள் எட்டிப் பார்த்தார். காளியப்பனின் உதட்டைப் பார்த்தார். திரும்பிப் போய்த் தன் ஆட்களைக் கத்தி அழைத்தார். அவர்கள் சாலையோரம் அடுக்கியிருந்த முட்டைக்கோஸ் கூடைகளையும் மக்காச்சோளப் பானையையும் இழுத்து உள்ளே தள்ளினார்கள். அடுத்த கடைக்காரனும் தன் மேசையைத் தூக்கினான். கடைகளுக்கும் காடிகளுக்கும் நடுவே ஒரு வழி பிறந்தது.

ரூபன் ஏறி வண்டியை அந்த ஓரத்தில் விட்டான். ஒரு பக்கச் சக்கரம் சாக்கடை விளிம்பில் ஏறி இறங்கியது. கூரையில் ஒரு கடையின் படுதா உரசிக் கிழிந்தது. யாரோ ஒரு மோட்டார்சைக்கிள்காரன் முன்னால் போய்க் கையை ஆட்டி ஆட்டி ஜனங்களை விலக்கினான். தாமரை எதையும் பார்க்கவில்லை. காளியப்பனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது திறந்து மூடும் வரை அவளும் மூச்சு விடவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நாற்காலியோடு நின்றிருந்தார்கள். "இடது பக்கம்தானே?" என்றுதான் முதல் கேள்வியே வந்தது. திரைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். தாமரை வெளியில் நின்றாள். உள்ளே சைக்கிள் டயரில் காற்று இறங்குவது போல ஒரு சீறல் கேட்டது. அவர் உயிர்தான் போகிறது என்று நினைத்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். திரையை விலக்கி வந்த டாக்டர், நுரையீரல் ஓரிடத்தில் கிழிந்து காற்று வெளியே கசிந்துவிட்டது, அந்தக் காற்றுதான் நுரையீரலை நசுக்கியது, இப்போது ஊசி போட்டு அதை வெளியே எடுத்தோம் என்று விளக்கினார். விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு குழாய் வைத்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

ஈப்போவில் அவர்களுடைய ஒரே மகள் புவனேஸ் பினாங்கிலிருந்து வந்து சேர்ந்தாள். ரிங்லெட்டிலிருந்து காளியப்பனின் அக்கா நீலாவதியும் வந்தார். தம்பியின் விலாவிலிருந்து குழாய் இறங்கி, தண்ணீர் வைத்த ஜாடிக்குள் குமிழி விடுவதைப் பார்த்துவிட்டு வராந்தாவுக்கு வந்தார்.

"தாமரை, நீ அவன் நெஞ்சப் போட்டு அமுக்கிக்கிட்டு இருந்தியாமே?"

"அமுக்கல அண்ணி. கைய மட்டும்..."

"என்னா கைய மட்டும்? நாப்பது வருசமா கத்தி புடிச்ச கை. அவனே எலும்புக் கூடா இருக்கான். அந்த ஆஸ்பத்திரி பொண்ணு ஏதோ சொல்லுச்சின்னா நீயும் செஞ்சிருவியா? உனக்கு புத்தி வேணாம்?"

அண்ணி கேட்டது எல்லாம் தாமரை ஏற்கெனவே தன்னைக் கேட்டுக்கொண்டதுதான். சொன்னபடிதான் செய்தாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தப்பு செய்திருந்தால் அடுத்த முறை செய்யாமல் இருக்கலாம். சரியாகச் செய்தும் இப்படி ஆகுமென்றால் எதை விடுவது?

பெரிய டாக்டர் மலாய்க்காரர். கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டி மலாயில் நிதானமாகப் பேசினார். புவனேஸ் அம்மாவிடம் திரும்பினாள்.

"அப்பாவோட நுரையீரல்ல இடது பக்கம் ஒரு பெரிய பலூன் மாதிரி இருக்காம்மா. ரொம்ப நாளா இருந்திருக்காம். இருமினாலே வெடிக்குமாம். சும்மா டிவி பாத்துக்கிட்டு இருந்தாலும் வெடிக்குமாம்."

"என் கை இல்லன்னு சொன்னாரா?"

புவனேஸ் கேட்டாள். டாக்டர் சற்று யோசித்துவிட்டுப் பதில் சொன்னார்.

"அந்த அளவு லேசா கை வெச்சா ஆக வாய்ப்பு ரொம்ப கம்மின்னு சொல்றாரும்மா."

"கம்மின்னா இல்லன்னு அர்த்தமா?"

புவனேஸ் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கேள்வியை அவள் டாக்டரிடம் கேட்கவில்லை.

குழாயை எடுத்து, காளியப்பன் வீடு திரும்பினார். தாமரை அவரைத் தொடவில்லை. தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். சட்டை மாற்றும்போது ரூபனைக் கூப்பிட்டாள். தூங்கும்போது நடுவில் ஒரு தலையணையைப் போட்டுக்கொண்டாள், தூக்கத்தில் கை பட்டுவிடக்கூடாது என்று. அவர் இருமினால் அவளுடைய கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்விடும். காளியப்பனின் தோள்கள் மறுபடி காதுக்கு ஏறத் தொடங்கின. சாய்ந்தால் மூச்சு நின்றுவிடும் என்று படுக்கவும் பயந்தார். நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கினார். கோயில் வரை நடந்தவர் குளியலறைவரை போகவும் ரூபனின் தோளைத் தேடினார்.

ஒரு நாள் முன்பகலில் நூருல் ஐன் தன் சொந்தக் காடியில் லயத்துக்கு வந்தாள். அவளைப் பார்த்ததும் தாமரை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கதவிடுக்கில் நின்று பார்த்தாள்.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான் வந்தேன், அண்ணே. விலாவ யாரும் தொடப் போறதில்ல. கழுத்தும் தோளும் மட்டும். சரியா?"

காளியப்பன் தலையை ஆட்டினார். நூருல் ஐன் அவர் பின்னால் போய் நின்றாள். இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே கொண்டுவந்தாள். கை அங்கேயே நின்றது. விரல் நுனிகள் நடுங்குவது தாமரைக்குக் கதவுவரை தெரிந்தது. நூருல் ஐன் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, பிறகுதான் கையை வைத்தாள்.

எல்லாம் முடிந்து கை கழுவ அடுப்படிக்கு வந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, திரும்பாமலே பேசினாள்.

"அன்னைக்கு போன்ல நீங்க கேட்டப்ப நான் பேசல. ஏன்னு தெரியுமா அக்கா?"

"தெரியும் மிஸ். என்னாலதான்னு சொல்ல உங்களுக்கு மனசு வரல."

நூருல் ஐன் திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஐயோ, இல்ல. நீங்க கேட்ட நொடியில எனக்கு என்னா தோணுச்சுன்னா, நாந்தானே சொல்லிக்குடுத்தேன், நாந்தான் செஞ்சிட்டனோன்னு. பேச்சே வரல. நீங்க அப்படி எடுத்துக்குவீங்கன்னு நான் நெனச்சே பாக்கல." கை ஈரமாகவே இருந்தது. துடைத்துக்கொள்ள மறந்திருந்தாள். "படத்தப் பாத்தேன். பெரிய டாக்டருங்ககிட்ட கேட்டேன். உங்க கையால இல்ல, என் பாடத்தாலயும் இல்லன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. எனக்கும் புரியுது. ஆனா கைக்கு இன்னும் புரியல அக்கா. யாரு நெஞ்சுக்குப் பக்கத்துல போனாலும் நடுங்குது."

"அப்புறம் எப்படி செய்றீங்க?"

"பயந்துக்கிட்டேதான்" என்றாள் நூருல் ஐன். "செய்யாம விட்டா அண்ணே எப்படி ஆயிட்டாருன்னு நீங்களே பாக்குறீங்க."

அவள் போகும்போது தாமரையை எதுவும் செய்யச் சொல்லவில்லை.

அதற்கடுத்த வாரம், ஒரு காலையில், தாமரை வேலைக்குக் கிளம்பிக் காலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே நாற்காலி உரசும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தாள். காளியப்பனுக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. மருந்தை ஒருமுறை இழுத்துவிட்டார், கை நடுங்கியதில் பாதி வெளியே போனது. வாயும் முகமும் பயத்தில் கோணிப்போயிருந்தன. பயம் ஏற ஏற மூச்சு குறுகியது, மூச்சு குறுகக் குறுகப் பயம் ஏறியது. அந்தச் சுழலை அவள் கண்ணால் பார்த்தாள்.

முதலில் அவருடைய பனியனைப் பார்த்தாள். இடது பக்கம் விரிகிறதா? வலது. இடது. சற்றுத் தாமதித்து, ஆனால் வந்தது. இன்னொரு முறை பார்த்தாள். வந்தது. குத்துகிறதா என்று சைகையில் கேட்டாள். இல்லை என்று தலையசைத்தார்.

பூட்ஸோடு அவர் பின்னால் போய் நின்றாள். தொட்டால் செத்துவிடுவார் என்று ஒரு குரல் அவளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தது. அது சொல்லச் சொல்லவே கையைக் கழுத்தில் வைத்தாள். கல். கட்டை விரலை மெல்ல நகர்த்தினாள். அவர் உடம்பு முழுக்க ஒருமுறை அதிர்ந்தது, அவளும் அதிர்ந்தாள், ஆனால் கையை எடுக்கவில்லை. "உதட்டக் குவிச்சி ஊதுங்க. மெதுவா. ஊதுங்க" என்று அவர் காதருகே சொன்னாள். அவளுடைய குரலே அவளுக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது. வெளியே தோட்டத்து லாரி வந்து, ஹாரன் அடித்துப் பார்த்து, அவளை விட்டுவிட்டுப் போனது.

தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின.

பேச முடிந்ததும் காளியப்பன் சொன்னார். "அன்னைக்கு காடியில நீ கைய எடுத்துட்ட."

"ஆமாங்க."

"வலியில சாவப்போறேன்னுகூட எனக்குத் தோணல தாமரை. நீ என்னைய விட்டுட்டன்னுதான் தோணுச்சு. இவளே கைய எடுத்துட்டான்னா இனிமே ஒண்ணும் இல்லன்னு."

"நான் உங்கள கொன்னுட்டேன்னு நெனச்சேன்." தாமரைக்கு அழுகை வந்தது. "இன்னொரு தடவ தொட்டா மிச்சமும் போயிரும்னு நெனச்சேன்ங்க."

அவர் கையைத் தூக்கித் தோளின்மேல் இருந்த அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டார். அன்று அவள் வேலைக்குப் போகவில்லை.

காளியப்பனின் விலாவை அதன்பிறகு யாரும் தொடவில்லை. டாக்டர் வேண்டாமென்று சொல்லிவிட்டார். கழுத்து, தோள், முதுகின் மேல்பக்கம், அவ்வளவுதான். தாமரை தினமும் செய்தாள். தினமும் பயந்தாள். அவர் மறுபடி கட்டிலில் சாய்ந்து தூங்கத் தொடங்கினார். முன்னைப்போல நடக்க முடியவில்லை, வாசல்வரைதான்.

தீபாவளிக்கு முந்திய வாரம் நீலாவதி முறுக்கு எடுத்துக்கொண்டு வந்தார். தாமரை காளியப்பனின் பின்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். காளியப்பன் கண்மூடி உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டார். அவள் விரல் நகரும் இடமெல்லாம் அவர் கண்ணும் நகர்ந்தது.

"பாத்துடி. மெதுவா."

"மெதுவாத்தான் அண்ணி."

அந்த நேரம் பார்த்துக் காளியப்பனுக்கு இருமல் வந்தது. நெஞ்சைக் குலுக்கும் பெரிய இருமல். தாமரையின் கை அப்படியே நின்றது. நீலாவதி எழுந்துவிட்டார், மடியிலிருந்த முறுக்குப் பை தரையில் விழுந்தது. காளியப்பனும் இருமலின் முடிவில் அசையாமல் உட்கார்ந்து, தன் உடம்புக்குள்ளேயே காதுகொடுத்துக் கேட்டார். மூன்று பேரும் மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள்.

அவர் டின்னில் சளியைத் துப்பினார். மெல்ல ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தார். இன்னொன்று.

"ஒண்ணுமில்லக்கா, உக்காரு" என்றார். பிறகு தலையைச் சற்று முன்னால் சாய்த்தார். "இந்தப் பக்கம் இன்னும் இறுக்கமா இருக்கு, தாமரை."

அவள் உள்ளங்கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் கை வைத்தாள்.